நிழலில் பூக்கும் பிரிமுலா: வாசகர் கேள்வி, தோட்டக்காரர் பதில்

கேள்வி: வீட்டின் தெற்குப் பக்கச் சுவரோரம் எந்நேரமும் நிழல். அங்கே பிரிமுலா மலகாய்டிஸ் வளர்க்க ஆசைப்பட்டு டிசம்பரில் விதைத்தேன். ஒரு விரற்கடை மண் போட்டு மூடி, தினமும் பூவாளியால் தண்ணீர் ஊற்றினேன். ஒரு மாதமாகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை கெட்டதா? (வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க், தென்னாப்பிரிக்கா)

பதில்: விதையைக் குறை சொல்வதற்கு முன் மண்ணையும் மாதத்தையும் பாருங்கள். பிரிமுலா விதை தூசி மாதிரி. வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும். ஒரு விரற்கடை மண்ணுக்கு அடியிலிருந்து மேலே வர அதற்குத் தெம்பும் கிடையாது. டிசம்பர் வெக்கை அடுத்த தடை. 15 முதல் 18 டிகிரி வரை இதமான சூடு. 20-ஐத் தாண்டத் தாண்ட முளைப்பு குறையும்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற சொல் தமிழ்நாட்டுக்குச் சரி. தென்னாப்பிரிக்காவில் ஆடி என்றால் குளிர்காலம், இந்தச் செடி பூக்கத் தொடங்கும் நேரம். விதைத்து ஐந்தாறு மாதத்தில் பூக்கும் என்பதால் அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். உங்கள் ஊருக்குப் பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் நடுவரை, அதாவது மாசிதான் சரியான பட்டம்.

தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, கரகரப்பான ஆற்று மணல் ஒரு பங்கு கலந்து சலித்துக்கொள்ளுங்கள். எரு வேண்டாம். 6 செ.மீ. ஆழத் தட்டில் நிரப்பி, கொதிநீர் ஊற்றி ஆறவிட்டு, மட்டப்பலகையால் மேலே தட்டிச் சமன் செய்யுங்கள். விதையை ஒரு தேக்கரண்டி உலர்ந்த மெல்லிய மணலோடு கலந்து, கோலம் போடும்போது மாவை விரலிடுக்கில் வழியவிடுவது போலத் தூவுங்கள். மணலின் வெளிர் நிறம் எங்கே விழுந்தது, எங்கே விழவில்லை என்று காட்டிக்கொடுக்கும். பிறகு பலகையால் லேசாக அழுத்தினால் போதும், மூடவே கூடாது. மேலே ஒரு கண்ணாடி வைத்து, வெயில் நேரே படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். வீட்டிலேயே குளிர்ந்த தரை உங்கள் தெற்குத் தாழ்வாரமாகத்தான் இருக்கும்.

தண்ணீரை மேலிருந்து ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துப்போகும். தட்டை ஆழமில்லாத நீரில் நிறுத்தி, மேல்மண் கறுத்ததும் எடுத்து வடியவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் குண்டூசித் தலையளவு பச்சை தெரியும். அன்றே தீக்குச்சி செருகிக் கண்ணாடியைச் சற்று உயர்த்துங்கள். நாலு நாள் கழித்து எடுத்துவிடலாம்.

வித்திலை தவிர்த்து இரண்டு மூன்று இலை வந்ததும் பிரித்து நடுங்கள். இலையைப் பிடித்துத் தூக்குங்கள். தண்டைப் பிடித்தால் நசுங்கிவிடும். இலைகள் கூடும் குருத்து மண்மட்டத்தில் இருக்கட்டும். புதைந்தால் அழுகும், வெளியே நின்றால் செடி ஆடும். மே மாதம் 20 முதல் 25 செ.மீ. இடைவெளியில் நிலத்தில் வைத்துவிடுங்கள். நத்தை இரவில் வந்து இளம் இலையை மேயும், அதனால் முதல் சில வாரங்கள் விளக்கோடு போய்ப் பொறுக்கிவிடுவது நல்லது.

கேள்வி: நன்றாக முளைத்த நாற்றுகள் ஒரே இரவில் தண்டு நூலாகி வரிசையாகச் சாய்ந்தன. ஏன்? (வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்)

பதில்: இது நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற பூசணங்கள் மண்ணோடு தொடும் இடத்தில் தண்டை அரிக்கும். சாய்ந்தவற்றைக் காப்பாற்ற முடியாது. அந்தத் திட்டைச் சுற்றியுள்ள மண்ணோடு ஸ்பூனால் அள்ளி எறிந்துவிட்டு, மிச்சத்துக்குக் காற்றோட்டம் கொடுங்கள். டர்பன் காற்றில் ஈரம் அதிகம். அதனால் அங்கே இரண்டு விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். ஒன்று, நெருக்கமாகத் தூவாமல் இருப்பது. மற்றொன்று, ஏப்ரலில் இரவு குளிரத் தொடங்கும்வரை விதைக்காமல் பொறுத்திருப்பது. பழைய தட்டைச் சோப்பு நீரில் கழுவி, வெயிலில் காயவைத்த பிறகே எடுங்கள்.

கேள்வி: பிரிமுலா தொட்டிகளில் பழுத்த இலை கிள்ளிய பிறகு விரல்கள் சிவந்து அரிக்கின்றன. செடியா காரணம்? (வாசகி, டர்பன்)

பதில்: பெரும்பாலும் ஒப்கோனிகா வகையாக இருக்கும். அதன் இலை மயிர்களில் பிரிமின் என்ற பொருள் உண்டு. சிலருக்கு அது ஒவ்வாமை தரும், தொடத் தொட அதிகமாகும். கையுறை போட்டே இலை கிள்ளுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். தடிப்பு தங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். பிரிமின் இல்லாத ஒப்கோனிகா விதைகளும் கிடைக்கின்றன.

கேள்வி: மஞ்சள் பூப் பூக்கும் கவுஸ்லிப் விதை வாங்கினேன். மலகாய்டிஸ் போலவே விதைக்கலாமா? (வாசகர், லெனேசியா, ஜோகானஸ்பர்க்)

பதில்: கூடாது. கவுஸ்லிப் என்கிற பிரிமுலா வெரிஸ் விதைக்குக் குளிர் பட்டால்தான் உறக்கம் கலையும். ஈரமான வெர்மிகுலைட்டோடு (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) கலந்து ஜிப் பையில் போட்டு, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் 4 டிகிரி அளவில் ஆறு வாரம் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. அல்லது ஜூன் தொடக்கத்தில் தட்டில் தூவி வெளியே விட்டால் உங்கள் ஊர்க் குளிரே அந்த வேலையைச் செய்யும். முதல் வசந்தத்தில் இலைதான் வரும், பூவை அடுத்த ஆண்டு எதிர்பாருங்கள். செப்டம்பரில் பாதிதான் முளைத்தது என்று தட்டைக் கொட்டிவிடாதீர்கள். நிழலில், ஈரம் காயாமல் வைத்திருங்கள். மீதியில் சில அடுத்த குளிருக்குப் பிறகு தலைகாட்டும்.