அரக்கனே நாயகன் என்றால் வாசகர் ஒட்டுவாரா? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, என் மாயாஜால நாவலின் நாயகன் மனிதரைத் தின்னும் அரக்கன். படித்துப் பார்த்த நண்பர்களுக்குப் பிடிக்கவில்லை. அவனை நல்லவனாக மாற்றிவிடட்டுமா?

பதில்: வேண்டாம். பல்லைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் அவன் எதற்கு? அவன் மனசு எதற்கு ஏங்குகிறது என்று காட்டுங்கள், போதும். மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்' (1818) நாவலில் எட்டடி உயர உருவம் ஒன்று. படைத்தவனே அதைக் கண்டு ஓடுகிறான். அது ஒரு குடிசையை ஒட்டிய கொட்டகையில் ஒளிந்துகொண்டு, அந்த வீட்டார் சாப்பாட்டைத் திருடித் தின்கிறது. அவர்களே அரைவயிறாகக் கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும் திருட்டை நிறுத்திவிட்டு, காட்டுக் கிழங்கும் பழமும் தேடிப் போகிறது. இரவோடு இரவாக விறகு வெட்டிக் கொண்டுவந்து போடுகிறது. யாருக்கும் தெரியாமல்! எனக்கு அந்த நாவலின் உயிரே அந்த விறகில்தான் இருக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: இதையெல்லாம் அது சொல்லத் தொடங்கும் முன்பே ஒரு சிறுவனின் கொலையை நாம் படித்துவிடுகிறோம். மன்னிக்க முடிவதில்லை, ஆனாலும் காது கொடுக்கிறோம்.

கேள்வி: அப்படியென்றால் கொலைக் காட்சிகளைக் குறைக்கலாமா?

பதில்: கூடாது. செத்தவனுக்கு ஒரு பெயரும், அவனுக்காக அழ ஒருத்தியும் இருக்கட்டும்.

கேள்வி: அவனே தன் கதையைச் சொல்வதுபோல் எழுதலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் "என்னைப் பார்த்துப் பரிதாபப்படுங்கள்" என்று அவன் கெஞ்ச ஆரம்பித்தால் வாசகர் விலகிவிடுவார். தான் பார்த்ததை, முகர்ந்ததை, பசித்ததைச் சொல்லட்டும்.

கேள்வி: இரக்கமே இல்லாதவன் என்றால் எதைப் பிடித்துக்கொள்வது?

பதில்: அவனுக்கென்று ஒரு நெறி வையுங்கள். சிலப்பதிகாரத்து அடைக்கலக் காதையில், பொய்ச்சாட்சி சொன்ன ஒருவனைப் பூதம் பாசக்கயிற்றால் கட்டிவிடுகிறது. அவன் தாய் படும் துயரம் பொறுக்காமல் கோவலன், "என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு" என்கிறான். பூதம் மறுக்கிறது. கீழ்மகன் ஒருவனுக்காக நல்ல உயிரை வாங்கித் தன் நற்கதியை இழக்க அது தயாராக இல்லை. சொல்லிவிட்டுத் தாயின் கண்ணெதிரிலேயே மகனைத் தின்கிறது. துளி இரக்கம் கிடையாது. ஆனால் இன்னார் உயிரைத் தொட மாட்டேன் என்று அது சொன்ன அந்த இடத்தில் எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. உங்கள் அரக்கன் யாரைத் தொட மாட்டான்? அதை முதலில் எழுதிப் பாருங்கள்.