முதலில் அந்த அறுபது நாளுக்கான பணம்

தம்பி, அமெரிக்கா வந்து எட்டு மாதம் ஆகிறது, செய்தியைத் திறந்தாலே மந்தநிலை, ஆட்குறைப்பு, வங்கி தள்ளாடுகிறது என்றுதான் வருகிறது, வங்கியில் இருப்பதை ஊருக்கு அனுப்பிவிடலாமா, ஓய்வுக்காலச் சேமிப்பான 401கே-க்குச் சம்பளத்தில் பிடிப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 2006-ல் சியாட்டிலுக்கு வந்தவன். 2008 செப்டம்பரில் இதே கேள்விகளோடு தூங்காமல் கிடந்திருக்கிறேன். 15-ம் தேதி லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய முதலீட்டு வங்கி திவால். பத்து நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, எங்கள் ஊரிலேயே தலைமையகம் வைத்திருந்த வாஷிங்டன் மியூச்சுவல் வங்கியை அரசு கையகப்படுத்தியது. அமெரிக்காவில் அதைவிடப் பெரிய வங்கி விழுந்ததில்லை. மறுநாள் காலை வேலைக்குப் போகிற வழியில் அதன் கிளை இருந்தது. கூட்டம் அலைமோதும் என்று நினைத்துத்தான் போனேன். கதவு வழக்கம்போலத் திறந்திருந்தது. அதே பெயர்ப்பலகை. ஒரு பாட்டி செக்கைப் போட்டுவிட்டு ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார். ராத்திரியோடு ராத்திரியாக ஜேபி மார்கன் சேஸ் என்ற இன்னொரு பெரிய வங்கி அதை வாங்கியிருந்தது. டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. பணத்தை இழந்தவர்கள் அந்த வங்கியின் பங்கை வைத்திருந்தவர்கள். "வங்கி திவால்" என்ற தலைப்பைப் பார்க்கும்போது, அடிபடுவது டெபாசிட்தாரரா, பங்குதாரரா என்று முதலில் தேடுங்கள்.

டெபாசிட்டுக்கு அரசு அமைப்பு தரும் எஃப்.டி.ஐ.சி. காப்பீடு ஒருவருக்கு ஒரு வங்கியில் 2,50,000 டாலர் வரை உண்டு. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியிலிருந்து பணம் பறந்ததற்குக் காரணம், அங்கிருந்த டெபாசிட்டில் பெரும்பகுதி அந்த வரம்புக்கு மேல் இருந்த நிறுவனப் பணம். அதையும் கடைசியில் அரசு முழுதாகக் கொடுத்தது. உங்கள் வங்கிக்கு அந்தக் காப்பீடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், போதும்.

எச்1பி வேலை விசாவில் இருக்கிற உங்களுக்கு உண்மையான ஆபத்து வேலைதான். வேலை போனால் இங்கே இருக்க அதிகபட்சம் 60 நாள். அதற்குள் வேறு நிறுவனம் மனு போட வேண்டும், அல்லது விசா வகையை மாற்ற வேண்டும், இல்லையென்றால் கிளம்ப வேண்டும். இந்த 60 நாள் விதியே 2017-ல்தான் வந்தது. எங்கள் காலத்தில் அதுவும் கிடையாது.

என் அறைத்தோழர் ஒருவர். 2008 தொடக்கத்தில் 40 ரூபாயை ஒட்டி இருந்த டாலர், வருஷக் கடைசியில் 50-ஐ நெருங்கியது. "இந்த ரேட் இனிமேல் வராது" என்று கையிலிருந்ததை எல்லாம் ஊருக்கு அனுப்பினார். பிப்ரவரியில் வேலை போனது. வாடகை ஒப்பந்தத்தை இடையில் முறித்ததற்கு இரண்டு மாத வாடகை கேட்டார்கள். காரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். ஊரில் வைப்பு நிதியில் பணம் இருந்தது, இங்கே டிக்கெட் என் கார்டில் போட்டோம். போகிற அன்று மைக்ரோவேவை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்ல ரேட்தான்டா கிடைச்சது" என்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

அதனால் நான்கு மாதச் செலவு, வீட்டு ஒப்பந்தத்தை முறிக்கும் கட்டணம், விமான டிக்கெட், இவ்வளவும் இங்கே, நினைத்தவுடன் எடுக்கிற சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அது சேர்ந்த பிறகு ஊருக்கு எவ்வளவு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

401கே விஷயத்தில் நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2009 மார்ச் முதல் வாரத்தில் பயந்து, பங்கு நிதியில் இருந்த அத்தனையையும் ரொக்க நிதிக்கு மாற்றினேன். அமெரிக்கப் பங்குச் சந்தைக் குறியீடான எஸ்&பி 500 அடிமட்டத்தைத் தொட்டது 9-ம் தேதி. அதன் பிறகு ஏறத் தொடங்கியது. திரும்ப உள்ளே போக எனக்குத் தைரியம் வர ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்த ஏற்றம் போனது போனதுதான். நீங்கள் போடுவதற்கு ஈடாக நிறுவனமும் பணம் போடுகிற அளவு வரை பிடித்தம் தொடரட்டும். அவசரப் பணம் சேரும்வரை அதற்கு மேல் வேண்டாம்.

மந்தநிலை வந்துவிட்டதா இல்லையா என்ற விவாதத்துக்கு நேரம் கொடுக்காதீர்கள். அதை அதிகாரபூர்வமாகச் சொல்லும் பொருளாதார ஆய்வு அமைப்பு, 2007 டிசம்பரில் தொடங்கியதை 2008 டிசம்பரில்தான் அறிவித்தது. 2009 ஜூனில் அது முடிந்த பிறகும் வேலையின்மை கூடி, அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. சந்தை ஏறிவிட்டது என்று செய்தி வந்த மாதங்களில்தான் எங்கள் அலுவலகத்தில் மூன்றாவது சுற்று ஆட்குறைப்பு நடந்தது. நீங்கள் படிக்க வேண்டியது உங்கள் நிறுவனத்தின் காலாண்டு முடிவும், வாடிக்கையாளரின் காலாண்டு முடிவும். காலியான இடத்துக்கு ஆள் எடுக்காமல் விடுகிறார்களா, ஒப்பந்த ஊழியர்களை அனுப்புகிறார்களா என்று கவனியுங்கள். எங்களுக்கு முதலில் தெரிந்தது அதுதான்.

சம்பளச் சீட்டு, எச்1பி ஒப்புதல் கடிதமான ஐ-797 ஆகியவற்றின் நகல்களை அலுவலக லேப்டாப்பில் மட்டும் வைக்காதீர்கள். வேலை போகிற அன்று அது திறக்காது. அப்புறம், வாடகை ஒப்பந்தத்தில் முறிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்து எழுதுங்கள். குடும்பமும் கூட இருக்கிறதா என்று சொல்லவில்லையே, இருந்தால் நான்கு மாதம் போதாது.