போஸ்ட்கிரெஸ் அமைப்புகளைப் பயனர்தான் சரிசெய்ய வேண்டுமா?

16 ஜிபி நினைவகம் உள்ள சர்வரில் போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள மென்பொருள் அதைத் தானே கண்டறிந்து பயன்படுத்திக்கொள்ளாதது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தச் சிறிய கணினியிலும் இயங்க வேண்டும் என்பதற்காக அதன் இயல்பு மதிப்புகள் குறைவாகவே வைக்கப்பட்டுள்ளன. தரவை நினைவகத்தில் வைத்துப் பயன்படுத்தும் பகுதியான ஷேர்டு பஃபர்ஸ் வழக்கமாக 128 எம்பிதான். தரவுத்தளத்துக்கென்றே ஒதுக்கிய சர்வரில் இதை மொத்த நினைவகத்தின் கால் பங்காக, அதாவது 4 ஜிபியாக, உயர்த்தித் தொடங்கலாம்.

வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கான நினைவக வரம்பாகிய ஒர்க் மெம் அவ்வளவு எளிதன்று. அதன் இயல்பு மதிப்பான 4 எம்பி என்பது ஓர் இணைப்புக்கான வரம்பு அன்று. ஒரே வினவலில் உள்ள ஒவ்வொரு வரிசைப்படுத்தலும் தனித்தனியே அந்த அளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால், 100 இணைப்புகள் உள்ள இடத்தில் அதை யோசிக்காமல் 256 எம்பி ஆக்கினால் நினைவகம் தீர்ந்து, இயங்குதளமே தரவுத்தளத்தை நிறுத்திவிடக்கூடும். பெரிய அறிக்கைக்கான வினவல் ஓடும் அமர்வில் மட்டும் அதை உயர்த்துவதே என் பரிந்துரை. மற்றொரு தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 8.0-இல் உள்ள இன்னோடிபி டெடிகேட்டட் சர்வர் வசதி, ஷேர்டு பஃபர்ஸ் போன்ற அதன் பஃபர் பூலைத் தானாகவே அமைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதுவும் சர்வர் முழுவதும் தனக்கே உரியது என்று எடுத்துக்கொண்டுதான் கணக்கிடுகிறது.

2014-இல் வந்த 9.4 பதிப்பிலிருந்து, அமைப்புக் கோப்பைத் திறக்காமல் ஆல்டர் சிஸ்டம் கட்டளையாலேயே மதிப்புகளை மாற்றலாம். ஒர்க் மெம்முக்கு அமைப்புகளை மறுபடி ஏற்றினால் போதும். ஷேர்டு பஃபர்ஸுக்கு மறுதொடக்கம் தேவை.