உங்கள் கைக்கு எத்தனை அங்குலம்?

வணக்கம் அண்ணா,

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் இருந்து எழுதுகிறேன். ஹிக்கரி என்ற கடின மரத்தில் நானே ஒரு வில் செய்தேன். நீளம் 68 அங்குலம். 28 அங்குலம் இழுத்தால் தராசு 40 பவுண்டு காட்டுகிறது. ஆனால் எனக்கு 26 அங்குலம்தான் இழுக்க வருகிறது. உயரமான என் மச்சான் எய்தால் அம்பு பறக்கிறது, நான் எய்தால் சோர்ந்து விழுகிறது. பழகிப் பழகி 28 வரை இழுக்கலாமா, இல்லை வேறு வில் செய்ய வேண்டுமா?

அன்புடன்,
டர்பன் வாசகர்

அன்புள்ள தம்பி,

இரண்டும் வேண்டாம். இதே வில்லை உங்கள் கைக்குச் சரிசெய்துவிடலாம்.

இழுக்கும் அங்குலத்தைக் கைப்பிடியிலிருந்துதான் அளக்கிறோம். நாண் ஏற்றிய வில்லில் கைப்பிடிக்கும் நாணுக்கும் 6 அங்குல இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து மச்சான் 22 அங்குலம் இழுக்கிறார், நீங்கள் 20. அதோடு, 26-இல் உங்கள் விரலில் நிற்பது சுமார் 36 பவுண்டுதான். தூரமும் குறைவு, விசையும் குறைவு. அவர் வில்லில் ஏற்றும் சக்தி ஏறக்குறைய 50 ஜூல், நீங்கள் ஏற்றுவது 41. அதே வில் 26-இலேயே 40 பவுண்டு காட்டினால் 45 ஜூல் கிடைக்கும். அப்புறம் வேகத்தில் மிஞ்சும் வித்தியாசம் நூற்றுக்கு ஐந்துதான்.

28-க்கு வலிந்து இழுத்தால் தோள் மேலே ஏறும், ஒவ்வொரு அம்புக்கும் இழுவை, அதாவது இழுக்கும் தூரம், மாறும். ஒரு அங்குலம் மாறினாலே உங்கள் வில்லில் ஏறக்குறைய 2 பவுண்டு மாறிவிடும். ஒரு அம்பு மேலே போகும், அடுத்தது கீழே குத்தும்.

முதலில் உங்கள் இழுவையை உறுதி செய்யுங்கள். இரு கைகளையும் விரித்த நீளத்தை 2.5-ஆல் வகுத்தால் தோராயமாக வரும். 165 சென்டிமீட்டர் என்றால் 66, அதாவது 26 அங்குலம். இதைவிட நம்பகமான வழி, அங்குலக் கோடு போட்ட அம்பை லேசான வில்லில் பூட்டி இழுத்து, பக்கத்தில் நிற்பவரைப் பார்க்கச் சொல்வது.

பிறகு வில்லின் இரு முனையிலும் ஒன்றரை அங்குலம் அறுத்து, நாண் மாட்டும் வெட்டைப் புதிதாகப் போடுங்கள். நடுவில் கெட்டியான கைப்பிடி உள்ள வில்லுக்கு, 26 அங்குல இழுவை என்றால் 65 அங்குல நீளம் தாராளம். விசை கூடும், முனையில் எடையும் குறையும். இழுத்து ஏற்றியதில் ஒரு பங்கை அந்த முனைகளே தின்றுவிடுகின்றன, அதனால் இது சின்ன லாபமில்லை.

அறுத்த பிறகு டில்லரிங் பலகையில், அதாவது வில்லை மாட்டி இழுத்து இரு பக்கமும் சமமாக வளைகிறதா என்று பார்க்கும் பலகையில், பொறுமையாக நில்லுங்கள். 20, 22, 24 அங்குலம் என்று ஏற்றி ஏற்றிப் பாருங்கள். வளையாமல் விறைத்து நிற்கும் இடத்தை மட்டும் சுரண்டுங்கள். ஒவ்வொரு முறை சுரண்டிய பிறகும் முப்பது தடவை மெதுவாக இழுத்து விட்டு, திரும்பப் பாருங்கள். எய்பவர் பக்கம் இருக்கும் முகத்தில் குறுக்காக மயிரிழை போன்ற சுருக்கம் தெரிந்தால் அதற்கு மேல் இழுக்காதீர்கள். அங்கே மர நார் நசுங்கத் தொடங்கிவிட்டது.

மச்சானிடம் இனி இந்த வில்லைக் கொடுக்க வேண்டாம். அளவு மீறி இழுத்தால், நாணைக் கழற்றிய பிறகும் வில் வளைந்தே நிற்கும். அப்படி வளைவு விழுந்துவிட்டால் இழுவையின் முதல் சில அங்குலம் தளர்ந்து போகும், ஏற்றும் சக்தி குறையும். டர்பன் ஈரக்காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், வில்லை உலர்ந்த அறையில் வையுங்கள்.

குறைந்த இழுவையைக் குறையாக நினைக்காதீர்கள். டிராக்கன்ஸ்பர்க் மலைப் பாறைகளில் வில்லோடு ஓடும் வேட்டைக்காரர்களை வரைந்து வைத்தவர்கள் சான் பழங்குடி மக்கள். கலஹாரிப் பாலைவனத்துச் சான் மக்களின் வில் வேட்டையைப் பாருங்கள். சுமார் ஒரு மீட்டர் நீள வில், குறைந்த இழுவை, லேசான அம்பு, முனைக்குப் பின்னால் வண்டுப் புழுவின் நஞ்சு. நஞ்சுதான் கொல்லும் என்பதால் அம்பு தோலைத் துளைத்தால் போதும். வில், அம்பு, இழுவை மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்தார்கள்.

நீங்களும் அம்பை 27 அங்குலத்துக்குக் குறையுங்கள், எடை 26 கிராம் அளவில் இருக்கட்டும். அறுப்பதற்கு முன் 26-இல் தராசு காட்டுவதைக் குறித்துவைத்து, அறுத்த பிறகு எவ்வளவு ஏறியது என்று எழுதுங்கள்.