ஜெபம் வராத மூப்பர்

கேள்வி: எங்கள் பிரஸ்பிட்டேரியன் சபையில் அடுத்த மாதம் என்னை மூப்பராக, போதகரோடு சேர்ந்து சபையை நடத்தும் பொறுப்பில், ஏற்படுத்த இருக்கிறார்கள். சபைக் கூட்டத்தில் என் பெயரை முன்மொழிந்தபோது மறுக்கத் தைரியம் வரவில்லை. என் தம்பி நோயில் இறந்த பிறகு எனக்கு ஜெபம் வருவதில்லை. ஞாயிறுதோறும் ஆராதனைக்குப் போகிறேன், பாடுகிறேன். உள்ளே ஒன்றும் அசைவதில்லை. இந்த நிலையில் சபையார் முன் நின்று வாக்குறுதி கொடுத்தால் அது பொய்யாகாதா? திருவிருந்தில் மூப்பர்கள் பரிமாறும் அப்பத்தட்டை நான் எந்தக் கையால் தூக்குவேன்? இன்னொன்று: செஷன் என்னும் மூப்பர் குழுவின் கூட்டங்களில் கூரை ஒழுகுவதும் கணக்கு வழக்கும்தான் பேசப்படுகின்றனவாம். விசுவாசம் நழுவிக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அங்கே என்ன கிடைக்கும்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அப்பத்தட்டிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற வரிகளை யோசித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வரி மட்டும் யோசிக்காமல் வந்து விழுந்திருக்கிறது.

இந்தக் கேள்வியைக் கேட்கும் முதல் ஆள் நீங்கள் இல்லை. 1643-இல் லண்டனிலுள்ள வெஸ்ட்மின்ஸ்டரில் கூடி, நம் விசுவாச அறிக்கையையும் வினாவிடைகளையும் எழுதிக்கொடுத்தவர்கள் கண்டிப்பான மனிதர்கள். ஓய்வுநாளை எப்படி ஆசரிப்பது என்று அவர்கள் எழுதியதைப் படித்தால் எனக்கே மூச்சு முட்டும். அவர்கள் பெரிய வினாவிடையின் 196 கேள்விகளில் ஒன்றை, 172-ஆவது கேள்வியை, உங்களைப் போன்றவர்களுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார்கள். தான் கிறிஸ்துவுக்குள் இருக்கிறேனா என்று சந்தேகப்படுகிறவர் திருவிருந்துக்கு வரலாமா என்பது கேள்வி. கிறிஸ்து வேண்டும் என்ற ஏக்கமும் பாவத்தை விட்டு விலகும் விருப்பமும் இருந்தால், அந்த நிச்சயம் இன்னும் கைக்கு வராதவரும் அவருக்கு உரியவராக இருக்கக்கூடும்; ஆகவே தன் அவிசுவாசத்துக்காக வருந்தி, சந்தேகங்கள் தீர உழைத்துக்கொண்டே அவர் வரலாம், வரவும் வேண்டும், மேலும் பலப்படும்படிக்கு வரவேண்டும் என்பது பதிலின் சாரம். விசுவாச அறிக்கையின் 18-ஆம் அதிகாரமும் இதே வழியில்தான் போகிறது. இரட்சிப்பின் நிச்சயம் விசுவாசத்தோடு கூடவே பிறந்துவிடுவதில்லை; மெய்யான விசுவாசி அதற்காக நெடுங்காலம் காத்திருக்க நேரலாம்; கிடைத்த பிறகும் அது அசையலாம், குறையலாம், இடையில் விட்டும் போகலாம். ஆறுதல் சொல்வதற்காக நான் புனைந்த பேச்சு இல்லை இது. நம் சபைகளின் சட்டப் புத்தகத்துக்கு நிகரான ஆவணம் சொல்வது.

உயிர்த்த இயேசுவைக் கண்ணாலேயே கண்ட சீஷர்களைப் பற்றி மத்தேயு கடைசி அதிகாரத்தில் எழுதியதையும் எடுத்துப் பாருங்கள்: பணிந்துகொண்டார்கள், சிலரோ சந்தேகப்பட்டார்கள். சந்தேகப்பட்டவர்களைத் தனியே பிரித்து நிறுத்திவிட்டு, மற்றவர்களுக்கு மட்டும் கட்டளை கொடுத்ததாக அங்கே இல்லை.

‘பந்தியில் உட்காரலாம், சரி. பந்தி பரிமாறலாமா?’ என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கும் மூப்பருக்கு, இருக்கவேண்டிய தகுதிகளை எண்ணிக்கொண்டு வாருங்கள். தெளிந்த புத்தி, உபசரிக்கும் குணம், சண்டை போடாமை, பண ஆசையின்மை, வெளியாரிடத்தில் நற்சாட்சி. பெரும்பாலும் அக்கம்பக்கத்தார் பார்த்துச் சொல்லக்கூடிய காரியங்கள். எந்நேரமும் உள்ளத்தில் அனல் எரியவேண்டும் என்ற தகுதியை நான் அங்கே காணவில்லை. தீத்துவின் நிருபத்தில் உபதேசத்தைப் பற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். வாக்குறுதியைப் பற்றிய உங்கள் கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது.

இந்த இடத்தில் உங்களை எளிதாக விட்டுவிட எனக்கு மனமில்லை. வாக்குறுதியில் உங்கள் உணர்ச்சியைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. வாசகம் சபைக்குச் சபை மாறும்; ஆனாலும் கிறிஸ்துவைக் கர்த்தராக அறிக்கையிடுகிறீர்களா, வேதத்தையும் விசுவாச அறிக்கையையும் ஏற்கிறீர்களா, சபையின் ஒழுங்குக்குக் கீழ்ப்படிவீர்களா, அதன் சமாதானத்தைத் தேடுவீர்களா என்பவைதான் எங்கும் வரும். ஜெபிக்க வாய் வராமலேயே இவற்றுக்கு ஒருவர் உண்மையாக ‘ஆம்’ சொல்ல முடியும். துக்கத்தில் இருப்பவர் பலருக்கும் அதுதான் நிலைமை. ஆனால் ‘தேவன் இல்லை என்ற முடிவுக்கு வந்துவிட்டேன், மற்றவர்கள் மனம் நோகக்கூடாது என்றுதான் நிற்கிறேன்’ என்பது உங்கள் நிலையானால், மறுத்துவிடுங்கள். சபையார் இரண்டு நாள் பேசுவார்கள், பிறகு வேறொருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் கடிதத்தில் அந்த முடிவு எனக்குத் தென்படவில்லை. தேவனே இல்லை என்று முடிவு கட்டியவர், அவரிடம் பேச முடியவில்லையே என்று இப்படிப் பதறுவாரா?

இரண்டுக்கும் இடையில் எங்கோ நிற்கிறீர்கள் என்றால், அதற்கும் நம்மிடம் வழி இருக்கிறது. 1729-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா சினாட் என்னும் சபைகளின் மேல்மன்றம், வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையைப் போதகர்கள் ஏற்கவேண்டும் என்று தீர்மானித்தபோது, ஏதாவது ஒரு பகுதி மனசாட்சிக்கு இடறலாக இருந்தால் அதை முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லலாம் என்றும் இடம் வைத்தது. அந்த இடறல் விசுவாசத்தின் அடிப்படையைத் தொடுகிறதா, ஓரத்தில் இருப்பதா என்று முடிவு செய்யும் பொறுப்பு சினாடுக்கோ, அதற்குக் கீழுள்ள வட்டார மன்றமான பிரஸ்பிட்டரிக்கோ உரியது. போதகர்களின் உபதேசத்தைப் பற்றிய ஏற்பாடுதான் அது; உங்கள் துக்கத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் அதிலுள்ள நேர்மையான வழக்கம் எனக்குப் பிடிக்கும். சொல்லிவிட்டு நிற்பது, தீர்ப்பைத் தன் தலையில் தானே சுமக்காமல் மற்றவர்களிடம் விடுவது. நீங்கள் எனக்கு எழுதியதை உங்கள் போதகரிடம் சொல்லியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. உங்கள் சந்தேகத்தைவிட அந்த மௌனம்தான் எனக்குக் கவலை தருகிறது.

இனி செஷன். கூரையும் கணக்கும்தான் பேசுகிறார்கள் என்று கேள்விப்பட்டது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். சில கூட்டங்களில் ஒலிபெருக்கியைப் பற்றிய விவாதம் மட்டுமே நடுராத்திரிவரை நீளும். அதில் ஆவிக்குரிய பயன் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று நான் பாசாங்கு செய்யப் போவதில்லை. ஒழுகும் கூரையை யாராவது அடைத்துத்தான் ஆகவேண்டும், அவ்வளவுதான். ஆனால் மூப்பர்களை எதற்காக ஏற்படுத்தினார்கள் என்பதை மறந்துவிட்ட செஷன் எளிதில் கட்டடக் குழுவாகிவிடும். அதில் எனக்குக் கோபமே உண்டு. 1541-இல் சபைச் சீர்திருத்தவாதி கால்வின் ஜெனீவா நகரத்துக்கு வகுத்த ஒழுங்கில் போதகர், போதிக்கும் அறிஞர், மூப்பர், உதவிக்காரர் என்று நான்கு ஊழியங்கள். பன்னிரண்டு மூப்பர்களை நகர ஆட்சிமன்றங்களிலிருந்து எடுத்து, நகரத்தின் எல்லாப் பகுதிகளிலும் கண் இருக்கும்படி அமர்த்தினார்கள். வாரந்தோறும் வியாழக்கிழமை போதகர்களோடு கூடி, அக்கம்பக்கச் சண்டை முதல் நடனம்வரை விசாரித்தார்கள். வேவு பார்க்கும் வேலையாகவும் அது மாறியது. அந்தக் கெட்ட பெயர் நமக்கு வந்ததில் நியாயம் இருக்கிறது. ஸ்காட்லாந்திலும் மூப்பர்கள் திருவிருந்துக்கு முன் தங்களுக்கு ஒதுக்கிய வட்டாரத்து வீடுகளுக்குப் போனார்கள். தகுதி கண்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஈய வில்லையைக் காட்டினால்தான் பந்தியில் இடம். அந்த வில்லை வழக்கொழிந்ததில் எனக்கு மகிழ்ச்சி. அதோடு வீடு தேடிப் போகும் வழக்கமும் பல சபைகளில் போய்விட்டதில் வருத்தம். உள்ளே வந்து உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பவரிடம், ஜெபம் வரவில்லை என்று உங்களைப் போன்ற ஒருவர் சொல்லியிருக்கக்கூடும். தம்பி இறந்த பிறகு எந்த மூப்பராவது உங்கள் வீட்டுக்கு வந்தாரா?

வரவில்லை என்றால் உங்களுக்கான வேலை அங்கேதான் இருக்கிறது என்பேன். கணக்கைப் பார்க்க ஆள் கிடைப்பார்கள். இழவு வீட்டுக்கு, அடக்க ஆராதனை முடிந்து எல்லாரும் போன பிறகு, மூன்றாம் மாதத்தில் போகிறவர்தான் கிடைப்பதில்லை. உங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட வீடுகளைக் கேட்டு வாங்குங்கள். போன இடத்தில் விளக்கம் எதுவும் சொல்லவேண்டாம். ஜெபிக்கச் சொன்னால், சொந்த வார்த்தை வராவிட்டால் சங்கீதத்தை வாசியுங்கள். 88-ஆம் சங்கீதம்கூடப் போதும். அதை எழுதியவர் கடைசிவரை ஆறுதல் ஒன்றையும் காணாமலேயே முடித்துவிடுகிறார், அப்படியும் அது வேதத்தில் இருக்கிறது. கர்த்தருடைய ஜெபத்தில் ‘எங்கள்’ என்றுதான் வருகிறது. உங்களுக்கு நா எழாத நாளில் பக்கத்தில் நிற்பவர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

பிரஸ்பிட்டேரியன் ஒழுங்கை நான் விரும்புவதற்குக் காரணமும் இதுதான். தனி மனிதர் எவருடைய விசுவாசத்தையும் நம்பி அது கட்டப்படவில்லை. போதகர் தவறலாம் என்றுதான் மூப்பர்கள். செஷன் தவறலாம் என்றுதான் அதற்கு மேலே பிரஸ்பிட்டரி. அதுவும் தவறலாம் என்றுதான் சினாடும் பொதுப் பேரவையும். அந்த மன்றங்களும் தவறக்கூடும், பல தவறியும் இருக்கின்றன என்று விசுவாச அறிக்கையே எழுதிவைத்திருக்கிறது. தன் அதிகாரத்தைப் பற்றி இப்படி எழுதிக்கொள்ளும் அமைப்புகள் உலகில் அதிகம் இல்லை. உங்கள் பலவீனத்துக்கும் அதில் முன்பே இடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் போதகர் தளர்ந்திருக்கும் மாதங்களும் வரும். அப்போது கூட்டத்தில் ஒருவேளை நீங்கள் தெளிவாக இருப்பீர்கள்.

ஆகவே மறுப்புக் கடிதத்தை இப்போது எழுதவேண்டாம். வாக்குறுதிகளின் வாசகத்தைப் போதகரிடம் கேட்டு வாங்கி, ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே ‘ஆம்’, ‘ஆம், ஆனால்’, ‘முடியாது’ என்று பென்சிலால் எழுதுங்கள். அந்தத் தாளோடு போய் அவர் முன் உட்காருங்கள். ‘முடியாது’ என்று எழுதியது ஒன்றாவது இருந்தால் தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருப்பதெல்லாம் ‘ஆம், ஆனால்’ என்றால், அந்த ‘ஆனால்’களை அவர் முழுதாகக் கேட்கட்டும். அரைமணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று அவர் நினைத்துக்கொள்ளாதபடி, நேரம் பிடிக்கும் என்று முன்பே சொல்லிவைத்துவிடுங்கள்.