பிள்ளை ஊழியத்துக்குப் போயிருக்கிறது, போன் எப்போது வரும்?

என் மகள் கம்போடியாவில் ஒரு மாணவர் விடுதியில் 2 வருடம் ஊழியம் செய்துவிட்டுத் திரும்பியவள். அதற்கப்புறம், வெளிநாடு போகும் பிள்ளைகளின் வீட்டாரோடு பேசுகிற வேலை சபையில் எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. இந்த மாதம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் சிங்கப்பூரில் எந்த வட்டாரம் என்பது மட்டும்.

ஈசூனிலிருந்து ஓர் அம்மா: அக்கா, மகன் போய் 3 வாரம் ஆகிறது. காலையில் மெசேஜ் போட்டால் நீல டிக் சாயங்காலம்தான் வருகிறது. சில நாள் அதுவும் இல்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன். ஒரு நாள் 11 தடவை அழைத்தேன். 12ஆவது தடவை அவளுடைய குழுத் தலைவி எடுத்து, "ஆன்ட்டி, அவள் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கிறாள், போன் அலமாரியில் இருக்கிறது" என்றார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வெட்கமாகப் போனது.

அன்றிரவே ஒரு ஏற்பாடு செய்தோம். ஞாயிறு இரவு நமக்கு 9 மணி, அவர்களுக்கு 8. அந்த ஒரு அழைப்பு மட்டும் தவறக்கூடாது. மற்ற நாட்களில் யாரும் யாருக்கும் பதில் கடன்பட்டவர்கள் இல்லை. அதோடு இன்னொன்றையும் முடிவு செய்தோம்: ஞாயிறு அழைப்பு வராவிட்டால் எத்தனை மணி நேரம் பொறுப்பது, பிறகு யாரைக் கேட்பது? எங்கள் வீட்டில் 24 மணி நேரம், அப்புறம் குழுத் தலைவிக்கு ஒரே ஒரு மெசேஜ். நடுவில் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. இதைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தேன். 2 வருடத்தில் இரண்டே முறைதான் அது தேவைப்பட்டது. இரண்டு முறையும் அங்கே கரண்ட் இல்லை, அவ்வளவுதான்.

நீல டிக்கைப் பற்றி ஒரு பழைய கதை சொல்கிறேன். முத்துக்குளித்துறை மக்கள் கொண்டாடும் புனித சவேரியார் 1552 ஜூலையில் நம் சிங்கப்பூர் நீரிணையில் கப்பலில் இருந்தபடி கடிதங்கள் எழுதினார். அந்த டிசம்பரில் சீனக் கரையோரத் தீவு ஒன்றில் இறந்துபோனார். ஐரோப்பாவுக்குத் திரும்பி வரும்படி ரோமிலிருந்து அவருடைய துறவற சபைத் தலைவர் புனித இஞ்ஞாசியார் அவருக்குக் கடிதம் எழுதியது 1553 ஜூனில். அரை வருடத்துக்கு முன்பே மறைந்தவருக்கு எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. உங்கள் மகனிடமிருந்து சாயங்காலமே டிக் வருகிறது.

பொங்கோலிலிருந்து: மகள் எத்தியோப்பியாவில். "2 மணிக்குப் பேசுகிறேன்" என்கிறாள். நாங்கள் 5 மணி நேரம் கூட்டி இரவு 7 மணிக்குக் காத்திருந்தால் வருவதில்லை. இரண்டு தடவை சண்டையே வந்துவிட்டது.

சண்டையை வாபஸ் வாங்குங்கள். எத்தியோப்பியாவில் சூரியன் உதிப்பதிலிருந்துதான் மணி எண்ணுவார்கள். நம் கணக்கில் காலை 7 மணி என்பது அவர்கள் கணக்கில் 1 மணி. கிட்டத்தட்ட நம் பழைய நாழிகைக் கணக்கு மாதிரி. அவள் அந்த ஊர்ப் பேச்சுக்குப் பழகி 2 மணி என்று சொல்லியிருப்பாள். அது அங்கே காலை 8, நமக்கு மதியம் 1. இனிமேல் "சிங்கப்பூர் நேரம்" என்று சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

செங்காங்கிலிருந்து: மகளின் ஜெபக் கடிதம் மாதாமாதம் வருகிறது. அழகாக எழுதுகிறாள், படமும் அனுப்புகிறாள். ஃபேஸ்புக்கில் போட்டால் நிறையப் பேர் ஜெபிப்பார்களே?

போடாதீர்கள். நீங்கள் நாட்டின் பெயரோடு கேட்டிருந்தீர்கள், அதை நான் எடுத்துவிட்டேன். உதாரணத்துக்கு நேப்பாளத்தைப் பாருங்கள். அங்கே ஒருவரை மதம் மாற்றுவது குற்றம். 2018 முதல் நடப்பில் இருக்கும் தண்டனைச் சட்டத்தில் 5 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். வெளிநாட்டவர் என்றால் தண்டனைக்குப் பிறகு நாட்டைவிட்டும் அனுப்பிவிடுவார்கள். நம் பிள்ளை விமானம் ஏறி வந்துவிடும். படத்தில் பக்கத்தில் நிற்கிற அந்த ஊர்ப் பெண் எங்கே போவாள்? எனக்குக் கவலை அவளைப் பற்றித்தான்.

கடிதம் யாருக்குப் போகலாம் என்று மகளிடமே ஒரு பட்டியல் கேளுங்கள். அதற்குள் மட்டும் வையுங்கள். சபை வாட்ஸ்ஆப் குழுவில் 200 பேர் இருந்தால் அதுவும் ஃபேஸ்புக்தான். சொந்தக்காரர் கேட்டால் "ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள்" என்பது உண்மையாக இருந்தால் அதைச் சொல்லுங்கள். பொய் வேண்டாம், முழுக்கதையும் வேண்டாம்.

ஜூரோங் வெஸ்ட்டிலிருந்து ஒரு தந்தை: அழைப்பு வந்தால் "சாப்பிட்டியா, தூங்கினியா, உடம்பு எப்படி" என்று மூன்று கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அவனும் "ம்ம்" என்கிறான்.

அண்ணே, அவனிடம் கேட்பதை நிறுத்திவிட்டு நீங்கள் சொல்லுங்கள். லிஃப்ட் பழுதானது, எதிர்வீட்டு மலாய்க்காரப் பாட்டி உங்களுக்குக் கொடுத்தனுப்பிய குவே பலகாரம், தேக்கா சந்தையில் இந்த வாரம் வஞ்சிரம் என்ன விலை, இதையெல்லாம் சொல்லுங்கள். அங்கே நாள் முழுக்க அவன் யாரையாவது கவனித்துக்கொண்டே இருக்கிறான். சும்மா உட்கார்ந்து கேட்பதற்கு அவனுக்கு ஒரு இடம் வேண்டும். அப்புறம் பாருங்கள், கேட்காமலே பேசுவான்.

பாட்டி இருந்தால் பாட்டியையும் உட்கார வையுங்கள். என் மாமியாருக்கு வீடியோ கால் பிடிபடவே இல்லை. போனைக் காதோடு வைத்துக்கொள்வார். கம்போடியாவில் என் மகள் 2 வருடம் பார்த்தது பாட்டியின் வலது காதும் ஒரு ஏழுகல் தோடும்தான். அதையே படம்பிடித்து வைத்திருக்கிறாள்.

பிடோக்கிலிருந்து: என் பையன் மோர்மோன் சபையில் சேர்ந்து மிஷனுக்குப் போயிருக்கிறான். வாரம் ஒரு நாள்தான் பேசுவானாம். அடைத்துவைத்திருக்கிறார்களோ?

நான் அந்தச் சபை இல்லை. ஆனால் இந்த விதி அங்கே மிஷன் போகிற எல்லாருக்கும் பொதுவானது. வாரத்தில் ஒரு நாளைத் தயாரிப்பு நாள் என்று ஒதுக்குவார்கள். துணி துவைப்பது, சாமான் வாங்குவது, வீட்டுக்குப் பேசுவது எல்லாம் அன்றைக்குத்தான். 2019 பிப்ரவரிக்கு முன்பு வாரம் ஒரு மின்னஞ்சல்தான். குரல் கேட்பதென்றால் கிறிஸ்துமஸ், அன்னையர் தினம், ஆக வருடத்துக்கு இரண்டே முறை. ஆண்களுக்கு மிஷன் 24 மாதம். உங்களுக்கு அந்த வகையில் நல்ல காலம்.

உட்லண்ட்ஸிலிருந்து: மாமனாருக்கு உடம்பு முடியவில்லை. டாக்டர் பெரிதாக நம்பிக்கை கொடுக்கவில்லை. மகளிடம் சொன்னால் விட்டுவிட்டு வந்துவிடுவாளோ என்று மறைத்திருக்கிறோம். சரியா?

சரியில்லை. நானும் செய்த தப்பு இது. என் வீட்டுக்காரருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தபோது "அப்பா வேலையாக இருக்கிறார்" என்று மூன்று ஞாயிறு சமாளித்தேன். நாலாவது வாரம் சித்தி பையன் இன்ஸ்டாகிராமில் "மாமா வீடு திரும்பினார்" என்று படம் போட்டான். அதைப் பார்த்த மகள் அழவில்லை, கத்தவுமில்லை. "இனிமேல் நீங்கள் நல்லா இருக்கோம்னு சொன்னா நான் எப்படிம்மா நம்புறது?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் பல மாதம் ஒவ்வொரு அழைப்பிலும் அப்பாவைக் கேமரா முன் எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தாள்.

இன்றைக்கே சொல்லுங்கள். ஆனால் முதலில் குழுத் தலைவருக்குத் தெரியப்படுத்தி, யாராவது பக்கத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து அழையுங்கள். டாக்டர் சொன்னதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். வருவதா இருப்பதா என்பதை அவள் முடிவு செய்யட்டும். டிக்கெட்டுக்குப் பணம் தயாராக இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். தாத்தாவால் பேச முடிகிற நாளில் அவர் குரலைப் பதிந்து அனுப்புங்கள்.

தெம்பனிஸிலிருந்து: பார்சலில் என்னென்ன அனுப்பலாம்?

முறுக்கு தூளாகிவிடும், ஊறுகாய் ஒழுகிவிடும். வீட்டில் அரைத்த சாம்பார்ப்பொடியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் சுங்கத்தில் பிரித்துப் பார்ப்பார்கள். கடையில் விற்கிற, பெயர் அச்சிட்ட பாக்கெட்டாகவே வாங்குங்கள். பவர் பேங்க் அஞ்சலில் போகாது. சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்று மட்டும் எழுதாமல் பொருள், எடை, விலை மூன்றையும் எழுதுங்கள். இதைவிட நல்ல வழி, ஜூன், டிசம்பர் விடுமுறையில் போகிற சபைக் குழுவிடம் கொடுத்தனுப்புவது. பையை ஒட்டாமல் கொடுங்கள், கொண்டுபோகிறவர் உள்ளே பார்க்க வேண்டும்.

அங் மோ கியோவிலிருந்து ஒரு பெரியம்மா: நாங்கள் இந்துக் குடும்பம். தங்கை மகள் கம்போடியா போயிருக்கிறாள். நான் பேசினால் தப்பாக நினைப்பார்களா?

தாராளமாகப் பேசுங்கள். ஏப்ரல் நடுவில் நமக்குச் சித்திரைப் புத்தாண்டு வரும்போதுதான் கம்போடியாவிலும் புத்தாண்டு. அன்றைக்கு அழைத்து வாழ்த்துச் சொல்லுங்கள். சபைக்காரர்கள் எல்லாரும் "எப்படி ஜெபிக்கலாம்" என்றே கேட்பார்கள், "என்ன புடவை எடுக்கட்டும்" என்று கேட்க ஒரு பெரியம்மா வேண்டாமா?

பலரும் கேட்டவை, சுருக்கமாக: சிங்கப்பூர் நம்பரை ரத்து செய்யாதீர்கள், வங்கியிலிருந்து ஓடிபி அதற்குத்தான் வரும். வெளியுறவு அமைச்சின் இணையத்தளத்தில் பயணத்தைப் பதிவு செய்யுங்கள். தேசிய சேவை முடித்த பையன் நீண்ட காலத்துக்குப் போகிறான் என்றால் எக்ஸிட் பெர்மிட் (வெளிநாட்டில் தங்குவதற்கான அனுமதி) வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புது நம்பரிலிருந்து "அம்மா, போன் தொலைஞ்சிடுச்சு, பணம் அனுப்புங்க" என்று வந்தால், குரல் அவனுடையது போலவே இருந்தாலும் அனுப்பாதீர்கள். வீட்டுக்குள் ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து: அடுத்த மாதம் மகள் திரும்புகிறாள்! சாங்கி விமான நிலையத்துக்கு 16 பேர் வேன் பிடித்துப் போகிறோம். அந்த ஞாயிறே சபையில் அவள் தன் ஊழிய அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். வேறு என்ன செய்யலாம்?

என் மகள் வீட்டுக்கு வந்ததும் நேரே குளியலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் கதவருகே பிரியாணித் தட்டோடு நிற்கிறேன், வரவேற்பறையில் 9 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவள் பேசியது நாலு வார்த்தை இருக்கும். இரண்டு நாள் தூங்கினாள். மூன்றாம் நாள் இரவு நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பேசி முடிக்க மணி 2 ஆகிவிட்டது.

சாட்சியை ஒரு மாதம் தள்ளிவையுங்கள். வேனையும் ரத்து செய்துவிடுங்கள், ஒரு டாக்சியில் எத்தனை பேர் போகலாமோ அத்தனை பேர் போதும்.