புட்வால்வு அடைக்கிறதா? கிணற்றுக்குத் திரும்பி வரும் உரத் தண்ணீரை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: வணக்கம் ஐயா. வெள்ளகோவில் பக்கம் இரண்டு ஏக்கர் முருங்கை, கொஞ்சம் தென்னை, நான்கு மாடு, இருபது செம்மறி ஆடு வைத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே திறந்த கிணறுதான். 5 எச்.பி. மோனோபிளாக் மோட்டார், இரண்டரை அங்குல உறிஞ்சு குழாய். சொட்டுநீர் போட்டு மூன்று வருடம் ஆகிறது. போன வருடம் வரை தொந்தரவு இல்லை. இப்போது கிணற்றில் பச்சையாகப் பாசி படர்ந்து, வாரத்துக்கு இரண்டு தடவை புட்வால்வு அடைக்கிறது. கொசுவலை கட்டிப் பார்த்தேன், இன்னும் மோசமாகிவிட்டது. கரண்ட் போய் வந்தால் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஊற்றித்தான் மோட்டாரை இழுக்க வைக்க வேண்டியிருக்கிறது. போன வருடத்திலிருந்து உறிஞ்சு குழாயில் ஒரு சின்னக் குழாய் சேர்த்து, வாளியில் 19:19:19 கரைத்து உரம் விடுகிறேன். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டால் பாசி போய்விடும் என்கிறார்கள். நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறச் சொல்கிறார் கடைக்காரர். எதைச் செய்வது?

பதில்: வணக்கம். உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. பாசி வந்தது போன வருடம். உறிஞ்சு குழாயில் உரம் விட ஆரம்பித்ததும் போன வருடம். மோட்டார் நின்றால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது என்றும் சொல்கிறீர்கள். இந்த மூன்றும் தனித்தனிக் கோளாறு இல்லை. ஒன்றை ஒன்று வளர்த்துக்கொண்டிருக்கின்றன.

நடப்பது இதுதான். உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் புட்வால்வின் வேலை, மோட்டார் நின்றதும் குழாயில் ஏறிய தண்ணீரைக் கீழே விடாமல் பிடித்து வைப்பது. அதன் மூடியில் ஒரு இலைத் துணுக்கோ பாசி நூலோ சிக்கினால் போதும், வால்வு முழுதாக மூடாது. கரண்ட் போன அந்த நிமிடம் குழாயில் உள்ள தண்ணீர் மொத்தமும் கிணற்றுக்கு இறங்கும். இறங்கும்போது வாளியில் மிச்சம் இருக்கும் உரக் கரைசலையும் அந்தச் சின்னக் குழாய் வழியாகச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். வயலுக்குப் போகிற லைனில் ஒருவழி வால்வு இல்லையென்றால், அங்கே உரம் கலந்து நிற்கிற தண்ணீரும் பின்னாலேயே வந்துவிடும். 19:19:19-இல் தழைச்சத்தும் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கரைந்த நிலையில் இருக்கின்றன. பாசிக்கு இதைவிட நல்ல தீவனம் இல்லை, குறிப்பாக மணிச்சத்து. பாசி பெருகும், அது வால்வில் சிக்கும், வால்வு இன்னும் ஒழுகும், இன்னும் உரம் கிணற்றுக்குள் போகும். நீங்கள் முருங்கைக்கு வாங்கிய உரத்தில் ஒரு பங்கு பாசிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும். மோட்டாரை நிறுத்தி, உரம் விடும் சின்னக் குழாயை அடைத்துக்கொண்டு, பம்பின் மேலே தண்ணீர் ஊற்றும் மூடியைத் திறந்து நிரப்பிவிட்டுப் பாருங்கள். மட்டம் இறங்கிக்கொண்டே போனால் ஒழுக்கு உறுதி. பெரும்பாலும் புட்வால்வுதான். வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியும் இறங்கினால், உள்ளே இருக்கும் ரப்பரை மாற்றுங்கள். அதற்கும் இறங்கினால் உறிஞ்சு குழாயின் மூட்டுகளைப் பாருங்கள்.

அடுத்து, அந்தச் சின்னக் குழாயைக் கழற்றி, துளையை நன்றாக அடைத்துவிடுங்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். செலவில்லாத முறை என்று நம் பக்கம் நிறையப் பேர் இப்படி விடுகிறார்கள். ஆனால் புட்வால்வு நன்றாகப் பிடித்தால்கூட இதில் ஆபத்து உண்டு. கரண்ட் போனதும் மேலே உள்ள தண்ணீர் அந்தச் சின்னக் குழாய் வழியாக வாளிக்குத் திரும்பி, வாளி நிரம்பி வழிந்து, கிணற்றோரத் தரையில் ஓடிக் கடைசியில் உள்ளேதான் சேரும். கவனிக்காமல் வாளி காலியானாலோ காற்றை இழுத்துப் பம்ப் வெறுமனே ஓடும்.

உரத்தைப் பம்புக்கு அப்புறம் உள்ள லைனில், வெஞ்சுரி (தண்ணீர் ஓட்டத்தாலேயே உரக் கரைசலை உறிஞ்சி லைனில் சேர்க்கும் கருவி) வைத்து விடுங்கள். பம்புக்கும் வெஞ்சுரிக்கும் நடுவே ஒருவழி வால்வு கட்டாயம் வேண்டும். வரிசை இப்படி இருக்கட்டும்: பம்ப், ஒருவழி வால்வு, மணல் வடிகட்டி, வெஞ்சுரி, சல்லடை வடிகட்டி. உரம் விட்டு முடித்ததும் கால் மணி நேரமாவது வெறும் தண்ணீர் ஓட விடுங்கள். அப்போதுதான் குழாய்க்குள் உரம் தங்காது, சொட்டுவான்களிலும் பாசி பிடிக்காது.

இதே கிணற்றுத் தண்ணீரைத்தான் மாடும் ஆடும் குடிக்கின்றன. வீட்டுக்கும் அதுதான் என்றால் உடனே மண், நீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து நைட்ரேட் அளவைப் பாருங்கள். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு மேல் போனால் கைக்குழந்தைகளுக்கு அது நேரடி ஆபத்து, காய்ச்சினாலும் குறையாது. பூச்சிமருந்து டேங்க் நிரப்பும்போதும் கவனமாக இருங்கள். குழாய் முனை மருந்துத் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்போது கரண்ட் போனால், அதுவும் இதே வழியில் திரும்பி வரும். முனை எப்போதும் டேங்கின் வாய்க்கு ஒரு சாண் மேலேயே இருக்கட்டும்.

இப்போது அடைப்புக்கு வருவோம். கொசுவலை கட்டியதில் உங்கள் மேல் தப்பில்லை, எல்லோரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஆனால் கண் சின்னதாக இருக்கும் வலையை வால்வின் மேலேயே ஒட்டிக் கட்டினால், தண்ணீர் நுழையும் இடம் சுருங்கி, இழுப்பு வேகம் கூடிவிடும். வேகம் கூடினால் தூரத்தில் மிதக்கும் பாசிகூட வந்து அப்பிக்கொள்ளும். பம்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டிருக்குமே? தண்ணீர் போதாமல் பம்ப் திணறுகிற சத்தம் அது. பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை அரித்துவிடும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. வால்வைச் சுற்றிப் பெரிய கூடாக வையுங்கள். 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றில் 6 மில்லிமீட்டர் துளைகளாகச் சுற்றிலும் ஆயிரம் போடுங்கள். அத்தனை துளையும் சேர்ந்தால் உங்கள் இரண்டரை அங்குலக் குழாய் வாயைப் போல ஒன்பது மடங்குப் பரப்பு வரும். நாலு மடங்கு இருந்தாலே ஓடும். ஆனால் பாதித் துளை அடைத்த பிறகும் ஓட வேண்டும் அல்லவா, அதனால்தான் தாராளமாகச் சொல்கிறேன். தண்ணீர் மெதுவாக உள்ளே நுழையும்போது இலையும் பாசியும் டிரம்மில் ஒட்டிக்கொண்டு நிற்காது. பூச்சிமருந்து வந்த டிரம்மை மட்டும் எத்தனை தடவை கழுவினாலும் எடுக்காதீர்கள்.

வால்வு அடிச்சேற்றிலிருந்து இரண்டடி மேலேயும், நீர்மட்டத்திலிருந்து இரண்டடி கீழேயும் இருக்க வேண்டும். சேறு அடியில், பாசி மேலே, நடுவில்தான் தெளிந்த தண்ணீர். மட்டம் ஏறி இறங்கும் கிணற்றில் இதைப் பிடித்து வைப்பது கஷ்டம். அதற்கு, மூடி இறுகிய காலி டிரம் ஒன்றை மிதக்கவிட்டு, அதிலிருந்து வால்வைத் தொங்கவிடலாம். கடைசிப் பகுதிக்குக் கம்பிச்சுருள் வைத்த உறிஞ்சு ஹோஸ்தான் போட வேண்டும். சாதா ஹோஸ் இழுப்பில் சப்பிக்கொள்ளும். கோடையில் நீர்மட்டத்துக்கும் பம்புக்கும் இருபதடிக்கு மேல் போனால் பம்பைக் கீழ்த் திட்டுக்கு இறக்கிவிடுங்கள்.

மயில்துத்தம் போடாதீர்கள். பாசியைக் கொல்லும், உண்மைதான். ஆனால் தாமிரத்தைச் செம்மறி ஆட்டின் உடம்பு தாங்காது. ஈரலில் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் திடீரென்று ஆட்டைச் சாய்த்துவிடும். மாட்டுக்குச் சரியான அளவு செம்மறிக்கு நஞ்சு. இன்னொன்று, உங்கள் பாசி நூல் நூலாக இருக்கிறதா, பச்சை பெயின்ட் கொட்டியது போல மேலே படர்ந்து நாறுகிறதா? இரண்டாவது மாதிரி என்றால் நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அதில் சில வகை கால்நடைக்கு விஷம், ஒரேயடியாகக் கொன்றால் விஷம் மொத்தமாகத் தண்ணீரில் கலந்துவிடும். அப்படி இருந்தால் ஆடு மாட்டுக்கு இந்தத் தண்ணீரை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். நூல் பாசி என்றால் கம்பால் வாரி எடுத்து, கிணற்றுக்கு எட்டத்தில் போட்டு மட்க விடுங்கள். உரத்தை நிறுத்தி, கிணற்று வாயில் நிழல்வலை கட்டி வெயிலைக் குறைத்தால் அது தானாக அடங்கும். மாசி, பங்குனியில் வேப்பிலை கொட்டும்போதும் அந்த வலையே காப்பாற்றும்.

திறந்த கிணற்றுக்குச் சல்லடை வடிகட்டி மட்டும் போதாது. பாசியைப் பிடிப்பது மணல் வடிகட்டிதான். அதற்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவைத் தொட்டால் திருப்பிக் கழுவிவிடுங்கள். பக்கவாட்டுக் குழாய்களில் ஏற்கெனவே படிந்ததற்கு, 170 கிராம் பிளீச்சிங் பவுடரைப் பிளாஸ்டிக் வாளியில் கரைத்துத் தெளியவைத்து, மேல் தண்ணீரை மட்டும் வெஞ்சுரி வழியாக அரை மணி நேரம் விடுங்கள். மணிக்குப் பத்தாயிரம் லிட்டர் ஓடும் லைனுக்கு இது கணக்கு. பிறகு மோட்டாரை நிறுத்தி, அந்தத் தண்ணீரை இரவு முழுக்கக் குழாயிலேயே நிற்க விட்டு, காலையில் கடைசி மூடிகளைத் திறந்து கழுவுங்கள். ஆசிட்டோடும் உரத்தோடும் இதைச் சேர்க்கவே கூடாது, ஆசிட் பட்டால் விஷவாயு கிளம்பும். அசோஸ்பைரில்லம், ஜீவாமிர்தம் போன்ற நுண்ணுயிர்க் கரைசல் விடும் நாளுக்கும் சில நாள் தள்ளி வையுங்கள், அதில் உள்ள உயிர்களையும் குளோரின் கொன்றுவிடும்.

நீர்மூழ்கி மோட்டார் இப்போது வேண்டாம். அதற்கும் சல்லடை உண்டு, அதுவும் இதே பாசியில் அடைக்கும். தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரில்தான் அந்த மோட்டார் சூடு தணிகிறது. ஓட்டம் குறைந்தால் மோட்டாரின் கம்பிச்சுற்று (காயில்) கருகிவிடும்.

வால்வைக் கழற்ற இறங்கும்போது ஒன்று. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பியூஸைப் பிடுங்கி உங்கள் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே ஒருவர் கயிற்றோடு நிற்கட்டும். தண்ணீர் இறைக்க டீசல் இன்ஜினைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டாதீர்கள், அந்தப் புகை உள்ளேயே தங்கி ஆளைச் சாய்க்கும்.